கற்பூரமும் நாலாவது டிஸ்க்கும்

ஆயுத பூஜைக்கு சர்வர் அறைக்குள் கற்பூரம் ஏற்றக்கூடாது என்று எந்த இன்ஜினியரிங் காலேஜிலும் சொல்லித் தருவதில்லை. சொல்லித் தந்திருந்தாலும் எங்கள் செல்லமுத்து அண்ணன் கேட்டிருக்க மாட்டார். கட்டடம், ஏசி, ஜெனரேட்டர் எல்லாம் அவர் பொறுப்பு. "லேத்துக்குச் சந்தனம் வெக்கறோம், லாரிக்கு எலுமிச்சம்பழம் வெக்கறோம். நாலாயிரம் பேரோட மனசு இருக்கற மெசினுக்கு ஒரு கற்பூரம் காட்டாம உட்டா நல்லா இருக்குமுங்களா?" என்று வருஷா வருஷம் கேட்பார். அதனால் கூரையில் இருக்கும் புகைக் கருவிகளுக்கு பாலித்தீன் கவரை மாட்டி, ரப்பர் பேண்டைப் போட்டுவிட்டு, சின்னதாக ஒரு கட்டி ஏற்றிக் காட்டி அணைத்துவிடுவோம். கடவுளுக்கும் ஆச்சு, கம்பெனிக்கும் ஆச்சு.

இந்த வருஷமும் கவர் மாட்டினார். ஆனால் போன ஆடியில் புதிதாக ஒரு தீயணைப்பு ஏற்பாடு வந்திருந்தது. கூரைக் கருவிகள் போதாதென்று, தரைக்கு அடியில் மெல்லிய குழாய்கள் ஓடி, காற்றை உறிஞ்சி மோந்து பார்த்துக்கொண்டே இருக்கும். அண்ணனுக்கு அது தெரியாது. எனக்கும் தெரியாது, நான் டிஸ்க்குகளைப் பார்த்துக்கொள்கிறவள், குழாய்களைப் பற்றி யார் சொன்னார்கள்? தீ என்று சந்தேகம் வந்தால் அது முதலில் கரண்டை வெட்டும். யுபிஎஸ், ஜெனரேட்டர், எல்லாவற்றையும் சேர்த்து. எரிகிற அறைக்குக் கரண்ட் போகக்கூடாது என்பது அதன் நியாயம்.

அண்ணன் தட்டை மூன்றாம் சுற்று சுற்றும்போது 'டப்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். விளக்கு போனது. பிறகு ஃபேன்கள் ஒவ்வொன்றாக மூச்சை விட்டன. அந்த அறையில் அமைதியை நான் அதுவரை கேட்டதே இல்லை. கற்பூரம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"அண்ணா, அதை அணைங்க," என்றேன்.

எங்கள் நிலையம் கிணத்துக்கடவு தாண்டி, காற்றாலைகளுக்கு நடுவே இருக்கிறது. விபத்திலோ பக்கவாதத்திலோ மூளையின் ஒரு பகுதி அடிபட்டு, புதிதாக எதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள முடியாமல் போனவர்களுக்காக நடத்துவது. காது மடலுக்குப் பின்னால் ஒரு சில்லு ஒட்டியிருக்கும். அவர்கள் பார்ப்பதையும் கேட்பதையும் அது எங்கள் சர்வருக்கு அனுப்பும்; தேவைப்படும் கணத்தில் சர்வர் திருப்பி அனுப்பும். அவர்களுக்கு அது நினைவு வருவது போலவே இருக்கும். சர்வர் நின்றால், அடிபட்ட நாளுக்குப் பிறகான வாழ்க்கை அவர்களுக்குக் கிடையாது.

அந்த நாலாயிரம் பேரில் என் கணவர் பூபதியும் ஒருவர்.

அவிநாசி ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்தபோது எங்களுக்குக் குழந்தை இல்லை. கல்யாணமாகி ஏழு வருஷம் ஏறாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை. நறுமுகை பிறந்தது விபத்துக்கு அடுத்த வருஷம். இப்போது நாலு வயது. அவள் பிறந்தது, தவழ்ந்தது, அப்பா என்று முதலில் சொன்னது எல்லாம் அவருக்கு எங்கள் டிஸ்க்குகளில்தான் இருந்தது. லீவு நாளாயிற்றே என்று, காலையில் அவளை அவரிடம் விட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன்.

போனை எடுத்தேன். அவசரத்தில் இரண்டு முறை வேறு யாருக்கோ போனது.

"கோகிலா, எங்க இருக்கற?" என்றார், சிரித்துக்கொண்டே. "இங்க ஒரு கூத்து. நம்ம வீட்டுக்குள்ள யாரோ ஒரு பாப்பா உக்காந்து பொரி தின்னுட்டு இருக்குது. எப்புடி உள்ள வந்துச்சுன்னே தெரியல."

"ஏனுங்க, நிதானமாக் கேளுங்க. அது நம்ம பாப்பா. நறுமுகை. உங்க மக."

அவர் சிரிப்பு நின்றது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இதுல எல்லாம் வெளையாடாத கோகிலா. அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம்னு நீதான சொன்ன?"

ஆமாம், சொல்லியிருந்தேன். விபத்துக்கு முந்தின மாசம், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போது. அவர் இப்போது அந்த மாசத்தில் இருக்கிறார்.

"சாமி ரூமுக்குப் போங்க. புத்தக அடுக்குல நீல அட்டை போட்ட ஆல்பம் இருக்கும். எடுத்துப் பாருங்க. எல்லாம் அதுல இருக்குது."

இப்படி ஒரு நாள் வந்தால் என்று நான் செய்து வைத்திருந்த ஆல்பம் அது. 'உங்களுக்கு அடிபட்டது, இது உங்கள் மகள், பயப்பட வேண்டாம்' என்று படங்களோடு எழுதி, எப்போதும் டிவிக்குப் பக்கத்தில் வைத்திருப்பேன். நறுமுகை அதற்கு வைத்த பெயர் 'அப்பா புக்கு'. முந்தின நாள் புத்தகங்களையெல்லாம் பூஜைக்கு அடுக்கியபோது, "அப்பா புக்கும் புக்குதான?" என்று அவளே கொண்டுவந்து வைத்தாள். நானும் அதற்கு ஒரு பொட்டு வைத்து அடுக்கில் சேர்த்தேன். அந்த நிமிஷத்தில் என் படிப்பு, உத்தியோகம், மூளை எல்லாம் எங்கே போயிருந்தன என்று இன்று வரை தெரியவில்லை.

"சரஸ்வதிக்கு வெச்சதையா?" என்றார். "இன்னைக்கு அதைத் தொடக் கூடாது கோகிலா. நாளைக்கு காலைல பூஜை பண்ணித்தான எடுக்கோணும்? தெரியாதா உனக்கு?"

"பரவால்ல, எடுங்க. சாமி ஒண்ணும் சொல்லாது."

"அதெப்புடி..." என்று இழுத்தார். பின்னாலிருந்து நறுமுகையின் குரல்: "அப்பா, அம்மாவா? எங்கிட்டக் குடு."

"பாரு, என்னையப் போயி அப்பாங்குது. பயந்து போயிருக்குது பாவம். இரு சாமி, உங்க வீட்டைக் கண்டுபிடிச்சரலாம்."

"எங்கயும் போகாதீங்க. கதவைச் சாத்திட்டு வீட்டுலயே உக்காருங்க. நான் வர்றேன்."

"சரி, சரி," என்றார். அந்தச் சரிக்கு ஆயுள் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். சூடான தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர். பக்கத்து வீட்டு ரெஜினா அக்காவுக்கு அடித்தேன். அவர் லீவுக்குத் தூத்துக்குடி போயிருந்தார். தெருவில் எனக்குத் தெரிந்த எல்லாரும் எங்கேயோ போயிருந்தார்கள்.

கரண்ட் திரும்ப வந்தபோது எங்கள் தலைவர் சென்னியப்பன் சாரும் வந்துவிட்டார். பூஜை வேட்டியோடு, நெற்றியில் விபூதியோடு. ஃபேன்கள் சுழன்றன. பச்சை விளக்குகள் வரிசையாக வந்தன. ஒரு பெட்டியில் மட்டும் நாலு டிஸ்க்கில் ஒன்று சிவப்பில் நின்றது. பழைய டிஸ்க்குகள் அப்படித்தான். ஓடும் வரை ஓடும், நின்றால் எழுந்திருக்காது. போனதும் போயிற்று, யாருடைய நினைவு எங்கே இருக்கிறது என்ற அட்டவணை இருக்கும் பெட்டியில் போயிற்று.

"ஒண்ணுதான போச்சு?" என்றார் சார். "நாலு டிஸ்க் போட்டதே அதுக்குத்தானே. ஒண்ணு போனாலும் ஓடும்னு நீங்கதான் சொன்னீங்க."

"அமைதியாப் போயிருந்தா ஓடும் சார். எழுதிட்டு இருக்கும்போது கரண்ட் போயிருக்குது."

செல்லமுத்து அண்ணன் சுவரோரம் நின்றிருந்தார். தட்டு இன்னும் கையிலேயே இருந்தது. "எனக்குப் புரியற மாதிரி சொல்லு அம்மிணி," என்றார். "நான் என்ன பண்ணிப்போட்டேன்?"

"அண்ணா, மூணு பேரு ஆளுக்கு ஒரு எண்ணை மனசுல வெச்சுக்கறாங்க. நாலாவது ஆளு அந்த மூணோட கூட்டுத்தொகையை மட்டும் வெச்சுக்கறான். மூணு பேர்ல ஒருத்தன் மறந்துட்டா?"

"கூட்டுத்தொகையில மத்த ரெண்டையும் கழிச்சாப் போச்சு."

"அதுதான் நாலு டிஸ்க். ஆனா ஒருத்தன் தன் எண்ணை மாத்திட்டான். நாலாவது ஆளு கூட்டுத்தொகையை மாத்தறதுக்குள்ள கரண்ட் போயிருச்சு. இப்பக் கழிச்சா?"

"தப்பா வரும்."

"வரும். ஆனா தப்புன்னு அது சொல்லாது. சரியான விடை மாதிரியே வந்து நிக்கும். அட்டவணையில அப்படி வந்தா, ஒருத்தரோட நினைவு இன்னொருத்தர் தலைக்குப் போகும்."

கரண்ட் போகும் கணத்தில் கையில் இருப்பதைத் தாங்கிப் பிடிக்க ஒரு சின்ன பேட்டரி உண்டு. அது முன்பே செத்துப்போய், அதன் எச்சரிக்கை மணி கீச் கீச்சென்று கத்திக்கொண்டிருந்திருக்கிறது. காது வலிக்கிறதென்று யாரோ அந்த மணியின் மேல் டேப்பை ஒட்டிவிட்டார்கள். வேறு ஊரில் இருந்த பிரதியோ, புது இடத்துக்கு மாற்றுகிறோம் என்று போன மாசம் அழிக்கப்பட்டிருந்தது. புது இடம் இன்னும் வரவில்லை. 'நாலு டிஸ்க் இருக்கே, அதுவே பிரதிதானே' என்று அப்போது சொன்னவர் சென்னியப்பன் சார். நாலு கால் இருக்கிறதென்பதற்காக ஒரு நாற்காலி நாலு நாற்காலி ஆகிவிடுமா என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். மரியாதை தடுத்தது.

"இப்ப என்ன வழி?" என்றார் சார். அவர் போன் ஓயவே இல்லை. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் எந்த பஸ் ஏறுவதென்று தெரியாமல் அழுகிறாராம். பல்லடத்தில் ஓர் அம்மா, போன வருஷம் இறந்துபோன கணவருக்குச் சோறு போட்டு வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம்.

"டிஸ்க்குகளைக் கழட்டி, ஒவ்வொண்ணையும் அப்படியே பிரதி எடுக்கோணும். அப்புறம் பிரதியில வெச்சுத்தான் கணக்குப் போடோணும், எங்க எங்க கூட்டு ஒத்துவரலைன்னு பார்த்து. நாளைக்குக் காலைல ஆயிரும்."

"காலையிலயா! இங்க திரையில 'கட்டாயமாக இயக்கு'ன்னு ஒரு பட்டன் இருக்குதே?"

இருந்தது. அமுக்கினால் அது தானே கழித்துக் கணக்குப் போட்டு, வந்த விடையை டிஸ்க்கில் எழுதி, அஞ்சு நிமிஷத்தில் எல்லாரையும் எழுப்பிவிடும். தப்பையும் சேர்த்து எழுதும். எழுதியபின் பழையதைத் திரும்ப எடுக்கவே முடியாது.

அப்போதுதான் என் போன் அடித்தது. எங்கள் ஏரியா ஸ்டேஷனிலிருந்து ஒரு பெண் எஸ்.ஐ.

"கோகிலவாணிங்களா? இங்க பூபதின்னு ஒருத்தர் ஒரு குழந்தையைத் தூக்கிட்டு வந்து, காணாமப் போன குழந்தைன்னு ஒப்படைக்கறாரு. குழந்தை அவரை அப்பாங்குது. அவரு இல்லவே இல்லைங்கறாரு. இதுவரைக்கும் நாலு தடவை முதல்ல இருந்து சொல்லிட்டாரு. என்னம்மா இது?"

சொன்னேன். விபத்து, சில்லு, சர்வர். பாதியிலேயே குறுக்கிட்டார். "நீங்க சொல்றது நெசமாக்கூட இருக்கலாம். ஆனா எம் முன்னால ஒரு ஆம்பள உக்காந்து இது என் குழந்தை இல்லைன்னு சத்தியம் பண்றாரு. அவருகூட நான் அனுப்ப முடியாது. நீங்க ஆதாரத்தோட வாங்க. சாயங்காலத்துக்குள்ள வரலைன்னா காப்பகத்துக்குத்தான் அனுப்பணும்."

சத்தம் சாருக்குக் கேட்டிருக்க வேண்டும். நாற்காலியை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டார். அவர் கெட்டவர் இல்லை. குரல்கூட மென்மையாகத்தான் இருந்தது.

"அமுக்குங்கம்மா. அஞ்சு நிமிஷம். உங்க வீட்டுக்காரருக்குக் குழந்தையைத் தெரிஞ்சுரும். அவரே ஸ்டேஷன்ல சொல்லிக் கூட்டிட்டுப் போயிருவாரு. நூத்துல தொண்ணூத்தொம்பது பேருக்குச் சரியாத்தான் வரும்."

அமுக்க ஆசையாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, விரல் பட்டனுக்கு மேலேயே வந்துவிட்டது. என் குழந்தை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, தன் அப்பா தன்னைத் தன் பிள்ளை இல்லை என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நூறில் அந்த ஒருவர் யாராக இருந்தால் எனக்கென்ன என்று ஒரு கணம் நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன்.

அந்த ஒருவர் அவராக இருந்தால்?

யாரோ ஒருவருடைய குழந்தைக்குக் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் இறந்துபோயிருக்கும். அந்த நினைவு பூபதியின் தலைக்குள் வந்து உட்கார்ந்தால், தன் மகள் செத்துவிட்டாள் என்று அவர் நம்புவார். எதிரே நிற்கிற நறுமுகையைப் பார்த்து யார் நீ என்பார். அடிபட்ட பிறகு நடந்ததில் உண்மை எது என்று அவருக்குச் சொல்ல இருப்பது இந்த டிஸ்க் ஒன்றுதான். அது பொய் சொன்னால் நான் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் எடுபடாது.

"சார், இப்ப அவருக்குத் தெரியல. தெரியாதவங்களுக்குச் சொல்லிக் குடுத்தரலாம். தப்பாத் தெரிஞ்சவங்களுக்கு ஒண்ணும் பண்ண முடியாது," என்றேன். விரலை எடுத்துவிட்டேன். "அந்த பல்லடத்து அம்மா இன்னைக்குப் பூரா வாசலைப் பார்த்துட்டு உக்காந்திருப்பாங்க. அது பாவம்தான். அந்தப் பாவம் எம்மேல இருக்கட்டும். நாளைக்கு அவங்க புருஷன் நெனப்பாவது அவங்களுக்குச் சரியா வரும்."

டிஸ்க்குகளைக் கழற்றி, பிரதி எடுக்கும் கருவியில் மாட்டி ஓட விட்டேன். திரையில் விழுக்காடு இன்னும் பூஜ்யத்திலேயே நின்றது. காத்திருப்பதைத் தவிர இனி அங்கே வேலை இல்லை.

"அண்ணா, யாரு இதைத் தொட்டாலும் கையை ஒடிங்க. சாரா இருந்தாலும்."

"ஒடிச்சர்றேன் அம்மிணி," என்று கதவுக்குக் குறுக்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார் செல்லமுத்து அண்ணன். தட்டை அப்போதுதான் கீழே வைத்தார்.

ஸ்டேஷனில் பூபதி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நறுமுகை அவர் மடியில். கன்னத்தில் கண்ணீர் காய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"வந்துட்டியா கோகிலா! பாரு, யாரு பெத்த பாப்பாவோ. இதோட அப்பன் பேரும் பூபதிதானாம்!"

எஸ்.ஐ. என்னை ஒரு தரம் பார்த்தார், அவரைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். நான் ஆதாரங்களை எடுப்பதற்கு முன்பே, "வேண்டாம்மா. மூக்கே சொல்லுது," என்றார். இருந்தாலும் எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் கிளம்பியதும் பூபதி என் கையைப் பிடித்து நிறுத்தினார். "அடுத்தவங்க பாப்பாவ நாம எப்புடிக் கூட்டிட்டுப் போறது? பெத்தவ தேடிட்டு வந்தா என்னத்துக்கு ஆவா? நமக்கு இல்லைன்னு..." அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். கோபப்பட்டார். ஸ்டேஷனே வேடிக்கை பார்த்தது. கடைசியில் எனக்கு வேறு வழி தோன்றவில்லை. "அவங்க அம்மா வர்ற வரைக்கும் நம்ம வீட்டுல வெச்சுக்கச் சொல்லிட்டாங்க," என்றேன்.

என் தோளில் இருந்த நறுமுகை தலையைத் தூக்கினாள். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினாள். "நீதான அம்மா?"

"ஆமா சாமி," என்று அவள் காதில் மட்டும் சொன்னேன். அவருக்குக் கேட்காமல். என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக நான் எதையும் சொன்னதில்லை.

ஆட்டோவில் அவர் அவளைத் தன் பக்கம் உட்கார வைத்துக்கொண்டார். அவருக்குக் குழந்தைகள் என்றால் எப்போதும் உயிர். "அப்பான்னு கூப்பிடக் கூடாது சாமி. உங்கப்பா கேட்டா வருத்தப்படுவாரு. மாமான்னு சொல்லு." அவள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "தொலைஞ்சு போனா அழுவக் கூடாது. யாராச்சும் உன்னையத் தெரியலைன்னு சொன்னா, நேரா முன்னால போயி நின்னு, உன் பேரு சொல்லோணும். அப்பா பேரு சொல்லோணும். வீடு எங்கன்னு சொல்லோணும். எங்க, சொல்லு பார்க்கலாம்."

"நறுமுகை," என்றாள். "அப்பா பேரு பூபதி. வீடு தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல."

"கெட்டிக்காரி!" என்று தட்டிக்கொடுத்தார். சிக்னல் தாண்டியதும் மறந்துவிட்டு, "ஆமா, பாப்பா, உன் பேரு என்ன?" என்றார். அவள் மறுபடி சொன்னாள். வீடு வருவதற்குள் பல தடவை கேட்டார். ஒவ்வொரு தடவையும் அவள் அழாமல் சொன்னாள். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டிலும் அந்த ஆல்பத்தைப் பூஜை முடியாமல் தொட அவர் விடவில்லை. சாப்பிட வைத்து இருவரையும் தூங்கப் போட்டபின், மீதி வேலையை வீட்டிலிருந்தே செய்தேன். ஒத்துவராத கூட்டுகள் முந்நூற்றுச் சொச்சம் இருந்தன. ஒவ்வொன்றையும் பார்த்துச் சரிசெய்து, விடிந்ததும் சர்வரை எழுப்பினோம். கரண்ட் வெட்டிய கணத்தில் எழுதிக்கொண்டிருந்த சில நிமிஷங்கள் மட்டும் எல்லாருக்கும் போய்விட்டன. அதைத் தவிர எல்லாம் வந்தது. பல்லடத்து அம்மா மறுபடி ஒரு தரம் அழுதாராம்.

பூபதி எழுந்ததும் முதலில் நறுமுகையைத்தான் எழுப்பினார். "எந்திரி சாமி, இன்னைக்கு விஜயதசமி. அரிசியில எழுதோணும்." அவர் குரலைக் கேட்டு நான் அடுப்படியில் நின்று அழுதேன். சர்வர் நின்றிருந்த நேரத்தில் நடந்த எதுவும் எங்கும் பதிவாகவில்லை. "நேத்து பூஜை நல்லபடியா முடிஞ்சுதா?" என்று கேட்டார். முடிந்தது என்றேன். சொல்லி என்ன ஆகப்போகிறது? தன் குழந்தையைப் போலீஸில் கொண்டுபோய் ஒப்படைத்ததை ஒரு மனுஷன் எதற்குத் தெரிந்துகொள்ள வேண்டும்?

நறுமுகை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தாம்பாளத்து அரிசியில் அவர் அவள் விரலைப் பிடித்து எழுத வைத்தபோது, எழுத்தைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புதுப் பேட்டரி போட்டாயிற்று, வேறு ஊரில் பிரதி எடுத்தாயிற்று, இனி சர்வர் அறைக்குள் கற்பூரம் இல்லை. அவளுக்குள் பதிந்ததை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. குழந்தை மறந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் வீட்டில் கரண்ட் போனது. கண் சிமிட்டும் நேரம்தான், இன்வெர்ட்டர் பிடித்துக்கொண்டது. நிலையத்தில் ஒன்றுமில்லை. படம் வரைந்துகொண்டிருந்த நறுமுகை கிரேயானைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவுக்கு நேர் முன்னால் நின்றாள். கைகளை உடம்போடு ஒட்ட வைத்துக்கொண்டு சொன்னாள்.

"என் பேரு நறுமுகை. அப்பா பேரு பூபதி. வீடு தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல."

அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "என் தங்கமே! இதெல்லாம் யாரு சாமி உனக்குச் சொல்லிக் குடுத்தா?"

அவள் அவர் முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஒரு மாமா," என்றாள்.

"நல்ல மாமாவா?"

"ம்," என்று தலையை ஆட்டினாள். "ரொம்ப நல்ல மாமா."